பேசுபவர் தருவது பாதி, கேட்பவர் கட்டுவது மீதி! தெரியுமா?

வாயிலிருந்து புறப்பட்ட பொருள் அப்படியே எதிராளியின் காதில் இறங்கிவிடுகிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! கேட்பவர் பாடுபடாவிட்டால் பேச்சு வெறும் ஓசைதான். நம்ப முடியவில்லையா? இதோ!

இருமல் விழுங்கிய ஒலி!
அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை அடியோடு வெட்டி எடுத்தார். அந்த இடத்தில் இருமலை வைத்தார். 1970இல் வெளியான முடிவு: கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள்! மிச்சமிருந்த ஒருவரோ, விடுபட்டது வேறோர் ஒலி என்றார். இல்லாத ஒலியை மூளையே நிரப்பிக்கொண்டது!

கண்ணும் கேட்கும்!
வாய் அசைவது 'கா', ஒலிப்பது 'பா'. காதில் விழுவது? பெரும்பாலோருக்கு 'டா'! ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976இல் உலகுக்குக் காட்டிய அதிசயம் இது. கண்ணை மூடிக்கொண்டால் மறுபடியும் 'பா'!

முடிக்கும் முன்பே பதில் தயார்!
ஜப்பானியம், டேனிஷ், கொரியம் உட்பட 10 மொழிகளின் உரையாடல்களை அளந்த ஆய்வு 2009இல் வந்தது. கேள்வி முடிந்து பதில் தொடங்க சராசரியாகச் சுமார் 200 மில்லிவினாடிதான்! ஆனால், ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லவே ஏறக்குறைய 600 மில்லிவினாடி தேவை. அப்படியென்றால்? எதிராளி எங்கே போய் முடிப்பார் என்று ஊகித்து, அவர் பேசும்போதே பதிலைத் தயாரிக்கிறோம்!

சொல்லாததும் புரியும்!
"ஆடுவாயா?" "கால் வலிக்கும்." மறுப்புச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மறுப்பு புரிந்துவிட்டது! 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் விடைகளை எட்டாக வகுத்தார். அவற்றில் ஐந்து இப்படிப்பட்ட மறைமுக விடைகள்! 'கால் வலிக்கும்' என்ற பதிலுக்குப் பெயர் 'உறுவது கூறல்'. தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் இதே புதிரை அவிழ்த்தார்: 'இவர் சம்பந்தமில்லாமல் பேச மாட்டார்' என்று கேட்பவர் நம்புகிறார், அந்த நம்பிக்கையே மறைந்த பொருளைத் தேட வைக்கிறது!

விசாரிப்பது சாப்பாட்டை அல்ல!
தெருவில் எதிர்ப்பட்டவர் "சாப்ட்டாச்சா?" என்றால் யாராவது குழம்பு, பொரியல் என்று பட்டியல் போடுகிறோமா? தகவலுக்காக அன்றி, உறவு அறுந்துவிடாமல் இருக்கவே நடக்கும் இத்தகைய பேச்சை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இலேயே அடையாளம் கண்டு எழுதினார்!

எல்லா மொழியிலும் ஒரு 'ஆங்?'
சரியாகக் காதில் விழாதபோது கேட்கிறோமே, "ஆங்?" என்று! 31 மொழிகளில் தேடிய ஆய்வாளர்கள், எல்லாவற்றிலும் இதேபோன்ற குட்டி ஒலி இருப்பதை 2013இல் அறிவித்தார்கள். 12 மொழிகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்பு: சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை, யாராவது ஒருவர் பேச்சை நிறுத்தி விளக்கம் கேட்கிறார்!

ஆகவே, "என்ன சொன்னீங்க?" என்று கேட்க இனி கூச்சமே வேண்டாம். உலகம் முழுக்க மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்!