பூனைக்கு வயது என்ன?

பூனையின் 1 ஆண்டு நமக்கு 7 ஆண்டு என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு சரியில்லை. முதல் ஆண்டு முடியும்போதே பூனை 15 வயதுப் பிள்ளைக்குச் சமம். 2 ஆண்டு முடிந்தால் 24 வயது. பிறகு ஆண்டுக்கு 4 கூட்டிக்கொள்ளுங்கள். 10 வயதுப் பூனை 56 வயதுக்காரர்!

கவனிக்க வேண்டியது 6-ஆம் மாதம். நம் கணக்கில் அதற்கு அப்போது 10 வயதுதான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ஆனாலும் சினையாகிவிடும். சில பூனைகள் 4-ஆம் மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 9 வாரம். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடியும் சினையாகலாம். தாய் எலும்பும் தோலுமாகிவிடும், குட்டிகளும் தேறாது.

"ஒரு ஈற்று போடட்டும், பிறகு பார்த்துக்கலாம்"னு இருக்காதீங்க. 5 மாதத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை அறுவை செய்துவிடலாம். கடுவனுக்கும் உண்டு, அதற்கு இன்னும் எளிது.