கேட்டவருக்கே கிடைக்கும் பிரெஞ்சு ஓய்வூதியம்

காரைக்காலில் நாம் நன்கறிந்த தாயார் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் படையில் 15 ஆண்டுகள் பணிபுரிந்தவர். படையை விட்டு விலகிய பின் பாரிஸ் மாநகருக்கு அருகே தனியார் நிறுவனம் ஒன்றில் காவல் பணியில் அமர்ந்து, மேலும் 11 ஆண்டுகள் உழைத்தார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், 58-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தாயாருக்கு அப்போது வயது 50. படையிலிருந்து கைம்பெண் ஓய்வூதியம் மாதந்தோறும் வரத் தொடங்கியது. 'பிரான்சிலிருந்து வர வேண்டியது வந்துவிட்டது' என்று குடும்பத்தார் அமைதியடைந்தனர்.

ஆண்டுகள் பல கழிந்தன. ஒரு நாள் பேத்தியின் புதுநன்மை விழாவுக்கு வந்திருந்த முதிய சொல்தா ஒருவர், பேச்சுவாக்கில் கேட்டார்: "ஏன் அக்கா, அண்ணன் அங்கே கம்பெனியிலும் வேலை பார்த்தாரே, அந்தப் பணம் வருகிறதா?"

"பட்டாளத்துப் பணம்தான் தம்பி வருகிறது. வேறு ஏது?" என்றார் தாயார்.

வேறு இருந்தது. 55 வயது நிறைந்த நாளிலிருந்தே அவர் கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய தொகை அது. அவர் விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 61. விண்ணப்பித்த மாதத்திற்கு அடுத்த மாதம் முதல் பணம் வந்தது. போன ஆறு ஆண்டுகளுக்கு உரியது போனதுதான். அழுத பிள்ளைக்கே பால் என்னும் முதுமொழி இவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தும் இடம் வேறு உண்டோ என நாம் வியந்தோம். புதுவையிலும் காரைக்காலிலும், பிரான்சில் உறவினரைக் கொண்ட பிற ஊர்களிலும் இத்தகைய இல்லங்கள் பல இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

ஒரு நாடு, பல கதவுகள்

பிரான்சில் இன்றுள்ள சமூகப் பாதுகாப்பு முறை 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் நிறுவப்பட்டது. இன்று உழைப்போர் செலுத்தும் தொகையிலிருந்தே இன்று ஓய்வு பெற்றிருப்போருக்கு ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. ஆயினும் எல்லாருக்கும் பொதுவான ஒரே நிதியகம் அங்கில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

படைவீரருக்கும் அரசு ஊழியருக்கும் அரசே ஓய்வூதியம் வழங்குகிறது. தனியார் நிறுவனங்களில் உழைத்தவருக்குப் பொது முதியோர் காப்பீட்டு நிதியகம் அடிப்படை ஓய்வூதியம் தருகிறது. அதற்கு மேல், அஜிர்க்-ஆர்கோ என்னும் துணை ஓய்வூதிய நிதியகம் தனியே ஒரு தொகை தருகிறது. ஆகவே படையிலும் பின்னர் நிறுவனத்திலும் பணிபுரிந்த ஒருவருக்கு மூன்று இடங்களிலிருந்து பணம் வர வாய்ப்புண்டு. ஒரு கதவு திறந்துவிட்டது என்பதால் மற்றக் கதவுகள் தாமே திறப்பதில்லை. நம் தாயாருக்கு நேர்ந்த இழப்பின் காரணம் இதுவே.

காலாண்டுக் கணக்கு

உழைத்த காலத்தைப் பிரெஞ்சு முறையில் காலாண்டுகளாகக் கணக்கிடுகின்றனர். ஓர் ஆண்டுக்கு நான்குக்கு மேல் கிடையாது. நாட்காட்டியைக் கொண்டன்று, பெற்ற ஊதியத்தைக் கொண்டே இவை எண்ணப்படுகின்றன. 2014 முதல், சட்டப்படியான குறைந்தபட்ச மணிக்கூலியைப் போல் 150 மடங்கு ஊதியம் பெற்றிருந்தால் ஒரு காலாண்டு சேரும். ஒரே ஒரு காலாண்டு சேர்ந்திருந்தாலும், உரிய வயதில் சிறு தொகையேனும் கேட்கும் உரிமை உண்டு. 'இரண்டு ஆண்டுகள்தானே உழைத்தோம்' என்று எவரும் அதைக் கைவிட வேண்டுவதில்லை.

கணக்கிடும் முறையும் அரிதன்று. மிகுந்த ஊதியம் பெற்ற 25 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் முழு விகிதமான 50 விழுக்காட்டைக் கணக்கிட்டு, வேண்டிய காலாண்டுகளுள் எத்தனை நிறைந்துள்ளனவோ அந்தப் பங்கைத் தருகின்றனர். வேண்டிய காலாண்டுகள் பிறந்த ஆண்டைப் பொறுத்து 172 வரை செல்லும். எடுத்துக்காட்டாக, சராசரி ஆண்டு ஊதியம் 20,000 யூரோ எனவும், 172-இல் 43 காலாண்டுகள் நிறைந்துள்ளன எனவும் கொள்வோம். முழு விகிதத்தில் 10,000 யூரோ. அதில் நான்கில் ஒரு பங்கு, ஆண்டுக்கு 2,500 யூரோ. துணை ஓய்வூதியம் இதற்குப் புறம்பானது.

காலாண்டுகள் போதாமல் இளவயதிலேயே ஓய்வூதியம் கேட்டால் விகிதம் குறைக்கப்படும். 67 வயது நிறைந்தவருக்குக் காலாண்டுகள் எத்தனையாயினும் விகிதக் குறைப்பு இல்லை. கேட்கத் தகுந்த குறைந்தபட்ச வயதை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 60-இலிருந்து 62-ஆக உயர்த்தியது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் படிப்படியாக 64-ஐ நோக்கி நகர்த்தியது. அதன் பின்னரும் அந்நாட்டில் இதுபற்றிய விவாதம் ஓயவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தாம் பிறந்த ஆண்டுக்குரிய வயதை நிதியகத்திடமே கேட்டறிதல் நலம்.

பிள்ளைகளை வளர்த்த தாய்மார் ஒன்றை மறத்தலாகாது. பொது நிதியகத்தில் பிள்ளை ஒன்றுக்கு எட்டுக் காலாண்டுகள் வரை கூடுதலாகச் சேர்க்கப்படும். மூன்று பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் உடையவருக்கு ஓய்வூதியம் பத்து விழுக்காடு உயர்த்தித் தரப்படும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளைக் காட்டாவிடில் இவை விடுபட்டுப் போகக்கூடும்.

கணவர் மறைந்த பின்

பொது நிதியகம், மறைந்தவருக்கு உரிய அடிப்படை ஓய்வூதியத்தில் 54 விழுக்காட்டை அவருடைய மனைவிக்கு, அல்லது மனைவி மறைந்திருப்பின் கணவருக்கு வழங்குகிறது. அதற்கு 55 வயது நிறைந்திருத்தல் வேண்டும். வருமானம் ஒரு வரம்புக்குள் இருத்தல் வேண்டும். மறைந்தவர் தம் வாழ்நாளில் ஓய்வூதியம் பெறத் தொடங்கவில்லையெனினும் இவ்வுரிமை கெடாது. அஜிர்க்-ஆர்கோ 60 விழுக்காடு தருகிறது. அங்கே வருமான வரம்பு இல்லை. படைவீரரின் துணைக்கு 50 விழுக்காடு; வயது, வருமானம் பார்ப்பதில்லை, ஆனால் மணவாழ்வின் கால அளவு பற்றிய நிபந்தனைகள் உண்டு. பிந்திய இவ்விரண்டும் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும்.

பொது நிதியகத்திற்கு, இறப்பு நிகழ்ந்த 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், இறந்த மாதத்திற்கு அடுத்த மாதம் முதலே கணக்கிட்டுத் தருவர். அதற்குப் பின் விண்ணப்பித்தால் அன்றிலிருந்துதான். துக்கம் விசாரிக்கச் செல்லும் உறவினர், உரிய தருணத்தில் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவைத்தால் அது பேருதவியாகும்.

இங்கே நம் குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. பிரெஞ்சுச் சட்டம் கருதுவது அரசுப் பதிவேட்டில் பதிவான திருமணத்தையே. கோயிலில் மந்திரித்த திருமணத்திற்குரிய சான்று மட்டும் அங்கே செல்லாது. பிரெஞ்சுக் குடியுரிமை உடையோர் இந்தியாவில் மணம் புரிந்தால், அதனைத் தூதரகத்தின் வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்கள், கணவர் மறைந்த பின் அலையும் அலைச்சல் சொல்லுந்தரமன்று.

பெயரும் தாளும்

தமிழர் பெயரை அயல்நாட்டார் எழுதுவது எளிதன்று. தந்தை பெயர் குடும்பப் பெயராகும். முதலெழுத்து காணாமற் போகும். ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று பெயரினராவார். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் சூடிக்கொண்ட புதுவைக் குடும்பங்களிலும் எழுத்து வேறுபாடுகள் உண்டு. ஆகவே பிறப்பு, திருமணம், கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்துள்ளனவா என்று இன்றே பார்த்தல் வேண்டும். பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு அரசுச் சான்றுக்கு ஈடாகாது. எனினும் பழைய நாளையும் பெற்றோர் பெயரையும் கண்டறிய அது பெரிதும் துணைபுரியும். முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளை நாந்த் நகரிலுள்ள மையப் பதிவகத்தில் கேட்கலாம். படைப்பணிச் சான்று காணாமற் போயிருந்தால், போ நகரிலுள்ள படையினர் ஆவணக் காப்பகத்திற்கு எழுதலாம்.

சம்பளச் சீட்டுகளை எக்காலத்தும் எறிதலாகாது. அவற்றில் சமூகப் பாதுகாப்பு எண் உள்ளது. அதன் முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அடுத்துப் பிறந்த ஆண்டும் மாதமும் வரும். அந்த எண் கிடைத்தால் மறைந்தவரின் பணி வரலாறு முழுவதையும் நிதியகத்தார் தேடி எடுக்கக் கூடும். பணி வரலாற்றுப் பட்டியல் வந்ததும் ஆண்டுதோறும் சரிபார்த்து, விடுபட்ட காலத்தைச் சம்பளச் சீட்டைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

எவ்வாறு கேட்பது?

ஓய்வூதியம் தொடங்க விரும்பும் நாளுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்தல் நன்று. இப்போது இணையத்தின் வழியாக ஒரே விண்ணப்பத்தில் எல்லா நிதியகங்களையும் கேட்க வழியுண்டு. துணைவர் ஓய்வூதியத்திற்கும் அவ்வாறே. இந்தியாவிலும் பிரான்சிலும் மாறிமாறி உழைத்தவருக்கு மற்றோர் உதவி உள்ளது. இரு நாடுகளும் 2008-இல் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியத் தரப்பில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் இதனைக் கவனிக்கிறது.

விண்ணப்பத்திற்குக் கட்டணம் ஏதுமில்லை. பங்கு கேட்கும் தரகரிடம் வெற்றுத்தாளில் கையொப்பமிடுவதும், வங்கிப் புத்தகத்தை ஒப்படைப்பதும் வேண்டா. பிரெஞ்சு அறிந்த ஆசிரியரோ ஓய்வு பெற்ற ஊழியரோ எந்தப் பங்கிலும் ஒருவராவது கிடைப்பார்.

ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின்னும் ஒரு கடமை உண்டு. பிரான்சுக்கு வெளியே வாழ்பவரிடம் நிதியகத்தார் காலந்தோறும் உயிர்வாழ் சான்று கேட்பர். அதை அனுப்பத் தவறினால் பணம் நின்றுவிடும். பிரான்சில் வறிய முதியோருக்குத் தரப்படும் ஆதரவுத் தொகை ஒன்றும் உண்டு; அது அந்நாட்டில் வாழ்பவருக்கு மட்டுமே உரியது. ஊர் திரும்ப எண்ணும் பெரியோர் இரண்டையும் பிரித்தறிந்து முடிவு செய்வாராக.

நம் தாயார் இன்று தம் மருந்துச் செலவுக்கு மகனை எதிர்பார்ப்பதில்லை. "எனக்குப் பணம் வந்தது பெரிதில்லை. அவர் அந்தக் குளிரில் இரவெல்லாம் நின்று காவல் காத்தது வீண் போகவில்லை, அதுதான்" என்று அவர் நம்மிடம் சொன்னார். வாசகர்கள் இன்றிரவே தம் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அடியில் மடிந்து கிடக்கும் ஒரு சம்பளச் சீட்டு, அயல்நாட்டில் சிந்திய வியர்வைக்கு இன்னும் கேட்கப்படாத கணக்காக இருக்கலாம்.