அயர்வும் ஒளியும்

வாகட்டில் குடியிருந்து, அடுத்துள்ள ஹிஞ்ஜவடியில் பணிபுரியும் நம் பிள்ளைகளில் எவரேனும் நன்கு உறங்கியும் எழ இயலாது தளர்ந்தால், சோம்பேறி என்று ஏசிவிடாதீர்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள்ளேயே தலைகாட்டும்.

ஸிக்னல் கேபிளின் மேலுறை கிழிந்தால் செய்தி குழம்புமன்றோ? அங்ஙனமே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் காப்புப் படையே அரித்துவிடுகிறது. அதனால் அயர்வும் மறதியும் விளைகின்றன.

காலையில் 10,000 லக்ஸ் வெண்ணிற விளக்கின் முன் அரைமணி நேரம் அமர்வது ஒளிச் சிகிச்சை. பருவகால மனச்சோர்வுக்கு வழங்கும் இம்முறையை இந்நோயின் அயர்வுக்கும் சோதித்துள்ளனர். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பிரகாச ஒளி பெற்றோரும், மங்கிய செவ்வொளி பெற்றோரும் ஒருங்கே தேறினர். ஆகவே பயன் ஒளியினாலா, ஒழுங்கான பழக்கத்தினாலா என்பது துணியப்படவில்லை. அறிவுத் தெளிவுக்கோ ஆதாரம் இன்னும் குறைவு.

விளக்கிற்குப் பதில் வெயிலில் நிற்கலாமா? கூடாது. உடற்சூடு ஏறினால் நோய்க்குறிகள் மிகலாம்; உடலுழைப்பின்போது பார்வை மங்குவதை 1890-இலேயே ஊத்தோஃப் கண்டுரைத்தார்.

நரம்பியல் மருத்துவரைக் கேட்டே விளக்கு வாங்குங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் ஏற்றுள்ளது. சட்டம் தரும் உரிமையோடு, இல்லத்தார் தரும் பொறுமையும் சேர்தல் வேண்டும்.