ஹெட்டைக் கழற்றுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் கொழும்பில் பழைய கார்களைத்தான் பாடுபட்டுக் காப்பாற்றினோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய கொரோலாவையோ சிவிக்கையோ பிரித்து எஞ்சினுக்கு வலுக் கூட்டும் இளைஞர்கள் இப்போதும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கேட்கும் முதற் பொருள் பெரும்பாலும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். கேமை மட்டும் வாங்குவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 தடவை சுற்றும்போது கேம் 4,000 தடவை சுற்றும். அதாவது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 66 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு கேமின் வடிவத்தைத் தொடர முடியாமல் மிதக்கும். 1989இல் இன்டெக்ராவில் வந்த ஹொண்டாவின் பி16ஏ போன்ற எஞ்சினில், நேரம் தவறித் திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் வந்து அடிக்கும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும், சில வேளை வால்வுகள் உட்கார்ந்திருக்கும் ஹெட்டும் போய்விடும்.

ஆகவே கேம், ஸ்பிரிங், அதைப் பிடித்திருக்கும் ரிடெய்னர், லொக் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திய செட்டாக வரவேண்டும். உயர்வாகத் தூக்கும் கேம் போட்டால், வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, 1.5 மில்லிமீட்டர் அளவாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். ரிடெய்னர் கீழிறங்கி வால்வு சீலை இடிக்கக்கூடாது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளிழுக்கும் பக்கம் 2, புகை வெளியேறும் பக்கம் 2.5 மில்லிமீட்டர் என்பது பொதுவான பாதுகாப்பு அளவு. பிஸ்டனின் மேல் களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி, நசுங்கிய தடிப்பைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ‘தேவையில்லை தம்பி, நாங்கள் எத்தனை எஞ்சின் செய்திருக்கிறோம்’ என்று மெக்கானிக் பாஸ் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள்.

டொயோட்டாவின் 16 வால்வு 4ஏ-ஜிஈ எஞ்சினுக்குத் தனிக் கவனம் வேண்டும். அதில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தட்டு, கேம் அழுத்தும் பக்கெட்டின் மேலே உட்கார்ந்திருக்கும். மிக உயர்ந்த கேம் போட்டு வேகமாகச் சுற்றினால் அந்தத் தட்டு தெறித்து வெளியே வரும். அத்தகைய கேமுக்கு, ஷிம் அடியில் வைக்கும் பக்கெட்டுக்கு மாற வேண்டும். இந்தச் செலவைக் கடைக்காரர் முதலிலேயே சொல்வது அரிது.

ரீகண்டிஷன் ஹெட்டோடு வந்த பழைய ஸ்பிரிங்கை நம்ப வேண்டாம். லேத் பட்டறையில் அழுத்த அளவு பார்த்த பின்பே பூட்டுங்கள். மிகக் கடினமான ஸ்பிரிங்கும் நல்லதல்ல, கேமையே அது தேய்த்துவிடும். நாளாந்தம் காலி வீதி நெரிசலில் ஓடும் காருக்கு மிதமான கேமே போதும். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேமில் ஐட்லிங் தடுமாறும், எரியாத பெற்றோல் புகையோடு போகும். மேல் மாகாணத்தில் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை இதைத்தான் ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் அளக்கிறது. அதில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

இனி, வாங்கிய பொருள் ஏமாற்றினால் என்ன செய்வது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எந்தத் தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் வர்த்தகப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு நழுவிவிடலாம். எனவே எஞ்சின் வகை, கேமின் அளவு, எத்தனை சுற்று வரை ஓடும் என்பதைச் சொல்லி, ‘இதற்குப் பொருந்தும்’ என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். புதியதா, பாவித்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டுக் கேட்பது சலுகையல்ல, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் தந்த உரிமை.

உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி அந்தச் சபையிடம் எழுத்தில் முறையிடலாம். விசாரணையில் உண்மை தெரிந்தால் மாற்றுப் பொருளோ, பணமோ, நட்டஈடோ கொடுக்கச் சபை உத்தரவிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். இங்கேதான் பலர் தோற்கிறார்கள்: வாங்கிய பாகம் கராஜில் மாதக்கணக்கில் கிடக்கும், பூட்டும்போது காலம் கடந்திருக்கும். வாங்கிய வாரமே அளந்து பாருங்கள். உடைந்தால் பாகத்தையும் பெட்டியையும் எறியாமல், கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கு எஞ்சின் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். மறைத்தால் விபத்தன்று இழப்பீடு மறுக்கப்படலாம். எஞ்சினையே மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிய வேண்டும்.

சிங்களம் எழுதத் தெரியாதே என்று நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாட்டைக் கைவிட வேண்டாம். தமிழும் அரச கரும மொழி. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். சபையின் தலைமை அலுவலகம் கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் 27ஆம் இலக்கத்தில் இருக்கிறது. தொலைபேசி 1977.