காவாங்கரைப் பிள்ளைகளுக்கு எந்த நாடு?

கடல் தாண்டி வந்து தமிழகத்துப் பெண்களுக்காக உழைத்தவர்கள் என்றதும் டோனாவூர் ஏமி கார்மைக்கேல், 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் என்று அயர்லாந்துப் பெயர்களாகவே நினைவுக்கு வரும். அவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. சென்னையை அடுத்த புழல் காவாங்கரை அகதிகள் முகாமில் இருக்கும் தொண்டர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. அரசுப் பதிவேட்டின்படி இவர்களும் வெளிநாட்டினரே. படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள்.

இலங்கைத் தமிழர் தலைவர் சா.ஜே.வே. செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் தொண்டு செய்பவர்களும் பெரும்பாலும் அகதிகளே. மாலை நேர வகுப்பு, மகளிர் குழு, ஊட்டச்சத்து, மனநல ஆலோசனை என்று முகாம்தோறும் வேலை. 2004 சுனாமியின்போது இவர்களில் பலர் நம் கடலோர மக்களுக்கே ஆறுதல் சொல்லப் போனார்கள். அகதி கொடுத்த ஆறுதலை வாங்கிக்கொண்ட நாம், அகதிக்கு என்ன கொடுத்தோம்?

கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 7,469 வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் வீட்டுக்குள் பிறக்கும் குழந்தைக்கு எந்த நாடு?

முகாம் தொண்டர்களின் பெரும்பாடு இந்தக் கேள்வியில்தான். குழந்தை பிறந்தால் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும், குடியுரிமை கிடைக்காது. இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குத் தாய் தகப்பனின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் கேட்பார்கள். எரிந்த வீட்டிலிருந்து உடுத்திய துணியோடு ஓடிவந்தவர்களிடம் ஏது காகிதம்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாள் தாளாகத் தேடிச் சேர்த்துக் கொடுப்பதுதான் இங்கே குழந்தை உரிமைப் பணி.

முகாம் பெண் உள்ளூர்க்காரரை மணந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2004 டிசம்பர் 3 முதல் நடப்பிலிருக்கும் விதிப்படி, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் (முகாம் அகதிகளைச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது) இங்கே பிறக்கும் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. அப்பா இந்தியராக இருந்தும் பயனில்லை. தாயின் நிலைக்காகப் பிள்ளைக்குத் தண்டனை. பிறந்த குழந்தைக்குப் பெயரும் நாடும் வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-லேயே ஏற்றிருக்கிறது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024-இல் ஓட்டும் போட்டார். இரண்டு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் அதே பெண் இன்றும் அகதி. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. சிறைப் பயம் நீங்கியது, குடியுரிமை வரவில்லை.

இலங்கைப் போர்தான் 2009-லேயே முடிந்துவிட்டதே, ஊருக்குத் திரும்பலாமே என்பவர்கள் உண்டு. முகாமிலேயே அப்படி விரும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் போகட்டும். காவாங்கரையில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், யாழ்ப்பாணத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளையைத் 'திரும்பிப் போ' என்றால் எங்கே திரும்பும்?

நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கு வேண்டும். அதைக் கேட்க அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுள்ள நாம்தான் நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும்.