கம்பளத்தைத் தூய்மை செய்ய வீட்டுப் பொருள்களே போதும்

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி நகரையொட்டிய சிடாம் கிரி வட்டாரத்திலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒரு காலத்தில் தரைவிரிப்பு என்றால் அது பாயாகவே இருந்தது. விருந்தினர் வந்தால் உதறி விரிப்பார்கள். அவர்கள் விடைபெற்றுச் சென்றதும் சுருட்டி மூலையில் நிறுத்துவார்கள். சில வீடுகளில் பவானி ஜமுக்காளம் போன்ற பருத்தி விரிப்புகளும் இருந்தன. இன்று லயன் வீடுகளை விட்டுக் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்ட குடும்பங்கள் பல. அவர்களுடைய கூடத்தின் நடுவே, தீபாவளிக்கென வாங்கிய கம்பளம் ஆண்டு முழுவதும் விரிந்து கிடக்கிறது.

பாயை உதறினால் தூசு போய்விடும். கம்பளமோ தூசைத் தன் இழைகளுக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அதைத் தூய்மை செய்யும் முறையும் வேறு. கடைகளில் விற்கும் துப்புரவு நீர்மங்களுக்குப் பணம் செலவிடாமல், சமையற்கட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே இவ்வேலையைச் செய்து முடிக்கும் இல்லத்தரசியர் நம்மிடையே பலர் உள்ளனர். இது பாராட்டத்தக்கது. ஆயினும் எந்தப் பொருள் எதற்கு உதவும், எதை எதனுடன் சேர்க்கவே கூடாது என்பதை அறிந்து செய்தால்தான் பயன் உண்டு. அறியாமல் செய்தால் கம்பளம் மட்டுமன்றி உயிரும் கெடக்கூடும். அதனையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கம்பளத்தினுள் இருப்பது என்ன?

நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் துகள்கள், உணவுப் பொடி, வெளியிலிருந்து காலோடு வரும் மண் ஆகியவை கம்பளத்தின் அடியில் படிகின்றன. தோல் துகள்களை உண்டு வாழும் நுண்ணிய பூச்சி ஒன்று உண்டு. அதனைத் தூசுப்பூச்சி என்பர். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான்; வெறுங்கண்ணால் காண்பது அரிது. வீட்டுத் தூசினால் வரும் ஒவ்வாமைக்கும் ஆஸ்துமா எனப்படும் இழுப்பு நோய்க்கும் இப்பூச்சியே முக்கிய காரணம் என்பதை 1960ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்தே வாழ்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரத்திற்குக் குறைவில்லை. ஆதலால் கம்பளத்தை உலர்வாக வைத்திருப்பதே முதல் மருத்துவம். நறுமணம் தெளிப்பதால் பூச்சி போகாது; வாடை மட்டும் சிறிது நேரம் மறைந்திருக்கும். வீட்டில் இழுப்பு நோயுள்ள பிள்ளை இருந்தால், வாரந்தோறும் கம்பளத்தை வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். தட்டும்போது அப்பிள்ளை அருகில் இருக்க வேண்டாம்.

காடியும் சோடாவும்

சமையல் சோடா ஒரு மென்காரப் பொருள். புளித்த வாடையை அது முறிக்கும். கம்பளம் நன்கு உலர்ந்திருக்கும்போது சோடாவைச் சல்லடையால் மெல்லியதாகத் தூவுங்கள். ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் தூசு உறிஞ்சியாலோ துடைப்பத்தாலோ முற்றிலும் அகற்றிவிடுங்கள். வாடை நீங்குவதற்கு இது போதும். தூசுப்பூச்சியை இது கொல்லும் என்று எண்ண வேண்டாம்.

காடி எனப்படும் வினிகர் ஓர் அமிலம். ஒரு கோப்பைக் காடியில் மூன்று கோப்பைத் தண்ணீர் சேர்த்தால், தேநீர், காப்பிக் கறைகளுக்கும் சிறுநீர் வாடைக்கும் ஏற்ற கரைசல் கிடைக்கும்.

சோடாவையும் காடியையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். அந்த நுரையைக் கண்டு, ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று பலர் மகிழ்கின்றனர். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. கரியமிலவாயு வெளியேறிய பின் எஞ்சுவது சற்றே உப்புக் கரைந்த தண்ணீர்தான். இதனால் தீங்கில்லை, பயனும் அதிகமில்லை. ஒன்றைப் பயன்படுத்தி, கம்பளம் உலர்ந்த பின்னரே மற்றதைப் பயன்படுத்துவது நல்லது.

மூன்றாவது பொருள் பாத்திரம் கழுவும் சவர்க்காரம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். மிகுதியாக இட்டால் சவர்க்காரம் இழைகளில் தங்கிப் பிசுபிசுத்து, புதிய அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

எக்கரைசலாயினும் முதலில் கம்பளத்தின் மறைவான மூலையில் சிறிது தடவிப் பாருங்கள். சாயம் துணியில் ஒட்டினால் அக்கரைசலை விட்டுவிட வேண்டும்.

கறைக்கேற்ற முறை

கறை பட்டவுடன் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அது இழையின் அடிக்குச் சென்றுவிடும். வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும்.

எண்ணெய்க் கறை: சோள மாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டுவையுங்கள். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதனை அகற்றிய பின் சவர்க்கார நீரால் ஒற்றுங்கள்.

மஞ்சள், குழம்புக் கறை: மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை நம் பெண்கள் நன்கறிவார்கள். எல்லாக் காரப் பொருளும் மஞ்சளை அவ்வாறே சிவக்கச் செய்யும். ஆகவே மஞ்சள் கறையின்மேல் சோடா வேண்டாம். சிறிது சவர்க்கார நீரால் ஒற்றி, வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, மெல்ல வெளுத்துவிடும்.

சிறுநீர்: முதலில் ஒற்றி எடுத்துக் குளிர்ந்த நீரால் துடையுங்கள். நாள்பட்ட சிறுநீரில் அம்மோனியா உண்டாவதால்தான் நெடி எழுகிறது. காடிக் கரைசல் அந்நெடியை முறிக்கும்.

இரப்பர் பால்: பால் வெட்டிவிட்டு வருவோரின் உடையிலிருந்து கம்பளத்தில் பால் படுவதுண்டு. இதற்குக் காடியோ எலுமிச்சைச் சாறோ கூடாது. அமிலம் பட்டால் பால் உறையும் என்பதை நம் தோட்ட மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஈரமாக இருக்கும்போதே வெறுந்தண்ணீரால் துடைத்தெடுங்கள். காய்ந்துவிட்டால் நன்கு உலர விட்டு, விரலால் உருட்டிச் சிறிது சிறிதாக உரித்தெடுங்கள்.

கலக்கக் கூடாதவை

இனி நாம் சொல்லப்போவதே இக்கட்டுரையின் முதன்மையான செய்தி. வெளுப்பு நீர்மத்தை எந்த அமிலத்துடனும் சேர்க்கக் கூடாது. காடியுடனோ, எலுமிச்சைச் சாற்றுடனோ, கழிப்பறை கழுவும் அமிலத்துடனோ அது சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை எதிரிகள்மீது ஏவியது இதே வாயுவைத்தான். போர்க்களத்தில் ஆயுதமாக இருந்த ஒன்றைக் கூடத்தின் நடுவே நம் கையாலேயே உண்டாக்குவது எத்துணை அறியாமை! அம்மோனியாவுடன் வெளுப்பு நீர்மம் சேர்ந்தாலும் நுரையீரலை அரிக்கும் நச்சுவாயு தோன்றும். சிறுநீர் ஊறிய கம்பளத்தில் வெளுப்பு நீர்மத்தை ஊற்றலாகாது என்பதற்கும் அதுவே காரணம். மேலும் வெளுப்பு நீர்மம் சாயத்தைப் போக்கும். கம்பளி இழையை அரித்துவிடும். கம்பளத்திற்கு அது வேண்டவே வேண்டாம்.

தோட்டப்புற மக்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமும், பால் உறையாமல் காக்கும் அம்மோனியாவும் இரப்பர்த் தொழிலில் பயன்படுபவை. மலாய் மொழியில் சமையல் காடியைச் 'சுக்கா மாக்கான்' என்றும், இரப்பருக்குரிய அமிலத்தைச் 'சுக்கா கெத்தா' என்றும் கூறுவர். பெயரில் இரண்டுமே 'சுக்கா'தான். ஆனால் முன்னது உணவுக்கு. பின்னது தோலையும் கண்ணையும் வெந்துபோகச் செய்யும். அதனைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பதோ, காடிக்குப் பதிலாகக் கம்பளத்தில் தெளிப்பதோ கூடவே கூடாது.

அவ்வாறே, களைக்கொல்லி இருந்த கலன்களைக் கழுவிவிட்டு வீட்டுக் கரைசலுக்குப் பயன்படுத்தாதீர்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அதன் பழைய கலன் எங்கேனும் கிடந்தால் பிள்ளைகள் தொட விடாதீர்கள்.

தவறுதலாக நச்சுவாயு எழுந்துவிட்டால், கலவையை அப்புறப்படுத்த முயலாமல், முதலில் அனைவரும் வீட்டை விட்டுத் திறந்தவெளிக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் உடனே 999 எண்ணை அழையுங்கள். நச்சுப் பொருள்கள் குறித்து ஆலோசனை வழங்கும் தேசிய நச்சு மையம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கி வருகிறது.

பாச்சை உருண்டை பற்றி

கம்பளத்தின் அடியில் பாச்சை உருண்டைகளை இட்டுவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஜி-6-பி-டி என்னும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, நாப்தலின் கலந்த உருண்டையின் ஆவி இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறைபாடு உள்ளதா என்று பரிசோதிப்பது இதனை முன்கூட்டியே அறிவதற்காகத்தான். அக்குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இவ்வுருண்டைகள் இருக்கவே கூடாது.

உலர்த்துதலே பாதி வேலை

தூய்மை செய்த கம்பளம் ஈரத்துடன் கிடந்தால் செய்த வேலை முழுவதும் வீண். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே கம்பளத்தைத் தண்ணீரில் ஊறவைக்காமல், பிழிந்த துணியால் துடைப்பதே சிறந்தது. முழுவதும் அலசவேண்டுமாயின் ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் அக்காலத்தில் பால் வெட்டும் குறைவு. வெயிலும் நன்றாக இருக்கும். அடியில் இரப்பர்ப் பூச்சுள்ள கம்பளமாயின், அப்பூச்சின்மேல் கடும் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடக்கும் இரப்பர் என்னவாகும் என்பது நாம் அறிந்ததே.

வெள்ளநீரில் நனைந்த கம்பளத்திற்கு மேற்கூறிய எதுவும் பொருந்தாது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து பெருக்கெடுத்த வெள்ளத்தையும், 2022ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பாலிங் வட்டாரத்தைத் தாக்கிய வெள்ளத்தையும் கெடா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளநீரில் கழிவுநீரும் கலந்திருக்கும். அத்தகைய நீரில் ஊறி இரண்டு நாளுக்குள் உலராத தடித்த கம்பளத்தைக் காடியும் சோடாவும் காப்பாற்றா. விலை கொடுத்து வாங்கியது என்று மனம் வருந்தினாலும் அதனை அகற்றிவிடுவதே அறிவுடைமை. கம்பளத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் நுரையீரலை எக்கடையிலும் வாங்க இயலாது.

சிறுபிள்ளைகள் தவழ்வதும், படிப்பதும், சில வேளைகளில் உறங்குவதும் கம்பளத்தின்மேல்தான். ஆதலால் ஒரு நேரத்தில் ஒரு பொருளையே பயன்படுத்துவோம், அளவாகப் பயன்படுத்துவோம், நன்கு உலர்த்துவோம். இம்மூன்றையும் வழக்கமாக்கிக்கொண்டால் செலவும் குறையும், வீட்டில் அனைவரும் நலமாக மூச்சு விடவும் இயலும்.