நீர்க்கட்டி இல்லாத குளங்கள்

2015 ஜனவரி 30 இரவு வேலை முடித்துப் படுத்தவர்களில் 10 பேர் மறுநாள் எழவில்லை. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. சேறு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் புகுந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களை மூடியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள்.

அந்தச் சேறு அங்கேயே கிடக்க வேண்டியதல்ல. காய்ந்ததும் பாதுகாப்பான புதைகுழிக்குப் போயிருக்க வேண்டும். 'கொஞ்ச நாளைக்கு' என்று தேக்கி வைப்பது, வருடக்கணக்கில் நிலைத்துவிடுவதுதான் நம் பாலாற்றங்கரையின் கதை.

தேங்குவது என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் வேலை ஒன்றுதான். தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. அதை ஊறவைத்துக் கழுவும்போது உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்குகிறது. பிறகு சுண்ணாம்பு, பிறகு குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே 1996-இல் எழுதியது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்தாலும் உப்பு மறைந்துவிடாது. வெயிலில் காயவைத்தாலும் இயந்திரத்தில் வற்றவைத்தாலும் கடைசியில் மூட்டை மூட்டையாய் மிஞ்சும். சேறும் மிஞ்சும்.

ராணிப்பேட்டையில் தோலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு மேடு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம்; புற்றுநோய் தருவது. 2006-இல் உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

ஏரிக்கு ஆள் உண்டு

குளம் நிலைத்து நிற்க என்ன வேண்டும் என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. பல ஊர்களில் ஏரியைக் காத்த நீர்க்கட்டிகள் நம்மவர்கள்தான். மழை இரவில் கரையில் நடந்து எலி வளை பார்த்தவர், மதகைத் திறந்து மூடியவர், கோடி போகும் தண்ணீரைக் கணக்குப் பார்த்தவர் அவரே. அது சாதி சுமத்திய வேலை. கூலி, களத்தில் அளந்து போட்ட நெல். அதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறிவு நம்முடையது. ஏரிக்குக் கரை உண்டு, நிறைந்தால் வழியக் கோடி உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. சேற்றுத் தொட்டிக்கு இவற்றில் எது இருந்தது?

இதையே வேறொரு நாடு உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிக் கழிவு நீரைத் தேக்கியிருந்த கரை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 1977-இல் சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டம் வந்தது. சுரங்கம் மூடிய பிறகும் தேக்கக் குளம் அங்கேயே இருக்கலாம் என்று அதன் விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் நிபந்தனைகள் உண்டு. கரை உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீரின் தரம் என்றைக்கும் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மக்கள் ஆபத்தில்லாமல் இறங்கி ஏற வேண்டும். அக்கம்பக்கத்து நிலத்தின் தண்ணீர் கெடவோ குறையவோ கூடாது. நிலத்தைச் சரிசெய்வதற்கான ஈட்டுத்தொகையை வேலை தொடங்கும் முன்பே நிறுவனம் கட்டிவிட வேண்டும். சட்டம் எழுதியதால் மட்டும் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனாலும் கேள்வி கேட்பவர் கையில் ஒரு பிடி இருக்கிறது.

யாருடைய இழப்பு?

1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு வந்தபோது, நம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. அதில் பாக்கி இருப்போருக்கு அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்ட நாள் 2025 ஜனவரி 30. ராணிப்பேட்டையில் அந்த 10 பேர் கடைசியாகத் தூங்கப் போன நாளிலிருந்து சரியாகப் பத்து ஆண்டுகள்.

நிலம் பாழானால் பட்டா வைத்திருப்பவருக்குக் கணக்கு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு? களை எடுத்தவருக்கு? ஊரில் விவசாயம் நின்றதால் அதே தொழிற்சாலைக்கு ஈரத்தோல் தூக்கப் போனவருக்கு? பல ஊர்களில் காலனி இருப்பது தாழ்வான இடத்தில். கசிவு நீர் முதலில் வந்து சேர்வது நம் கிணற்றுக்கும் அடிபம்புக்கும். வேலையையும் தண்ணீரையும் சேர்த்து இழந்த நிலமற்றவரை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பேசும் நிவாரணம் பாதி நிவாரணம்தான்.

நாம் கேட்பது

ஒவ்வொரு சேற்றுத் தொட்டியும், உப்புக் கிடங்கும், கழிவு மேடும் சர்வே எண்ணோடு பட்டியலிடப்பட்டு ஊர் அறிய வைக்கப்பட வேண்டும். எப்போது அகற்றப்படும் என்று தேதி வேண்டும். அகற்ற முடியாதது என்றால் அதை ஒத்துக்கொண்டு, அதற்குப் பொறுப்பாளர், நிரந்தர நிதி, சம்பளத்தோடு காவல், ஆண்டுக்கொரு கரைச் சோதனை வேண்டும். இழப்பீட்டுப் பட்டியலில் விவசாயக் கூலிகளின் பெயர் ஏற வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தொடங்கலாம். உங்கள் ஊரில் உள்ள தொட்டிகளையும் மேடுகளையும் எண்ணுங்கள். காலனிக் கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் நமக்குத் தெரியும். அங்கே எழுந்து, 'இந்தத் தொட்டிக்குப் பொறுப்பு யார்?' என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.